சங்கக் கூட்டத்திலிருந்து நிதித்துறை மேசை வரை: அரசுப் பல் மருத்துவர்களின் ஊதியக் கோரிக்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வட்ட மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் பல் மருத்துவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஊதியத்தில்தான் போய் நிற்கும். பத்து வருடம் ஒரே பதவியில் இருப்பவர், தொகுப்பூதியத்தில் மாதக் கடைசியைத் தள்ளுபவர், இளையவரைவிடக் குறைவாக வாங்கும் மூத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் நியாயமான குறை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவோடு நின்றுவிடுகிறது. இல்லையென்றால் சங்கச் செயலாளர் ஒருவரே இரவோடு இரவாக எழுதிய மனுவாகி, பன்னிரண்டு கோரிக்கைகளோடு தலைமைச் செயலகத்துக்குப் போய், "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

மனுவும் கூட்டமும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்பது என் உறுதியான கருத்து. கூட்டத்தில் உறுப்பினர்கள் எண்களைப் பார்த்து, சண்டை போட்டு, ஒரே ஒரு கோரிக்கையில் ஒத்துப்போனால்தான் மனுவுக்கு பலம் வருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருக்கும் பல் மருத்துவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு விதி மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

படி 1: உங்கள் குறை எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

ஊதியக் குறை எல்லாமே ஒரே கதவைத் தட்டுவதில்லை. மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தனி நபர் ஊதிய நிர்ணயப் பிழை. ஆண்டு ஊதிய உயர்வு விட்டுப்போவது, ஒரே பதவியில் நீடிப்பவருக்கு 10 ஆண்டில் வர வேண்டிய தேர்வு நிலை ஊதியமோ 20 ஆண்டில் வர வேண்டிய சிறப்பு நிலை ஊதியமோ தாமதமாவது, விடுப்புக் காலத்தைத் தவறாகக் கழிப்பது போன்றவை. இதற்குச் சங்கத் தீர்மானமே வேண்டாம். சம்பளம் போடும் அலுவலருக்கும் நியமன அதிகாரிக்கும் நீங்களே எழுதினால் போதும். இதையெல்லாம் சங்க மனுவில் சேர்த்தால் மனு கனத்துப்போகும், கோரிக்கை காணாமல் போகும்.

இரண்டாவது, பதவி முழுவதுக்குமான முரண்பாடு. பதவி உயர்வுக்கான படிகள் இல்லாமை, காலமுறைப்படி ஊதிய நிலை உயராமை, ஊதிய நிலையே தவறாக வைக்கப்பட்டிருப்பது ஆகியவை இதில் வரும். சங்கம் பேச வேண்டிய இடம் இதுதான். பல் மருத்துவத்தில் இது தீவிரமாக இருப்பதற்குக் காரணம் எளிது. இந்தியப் பொது சுகாதாரத் தரநிலைகளின்படி ஒரு சமுதாய சுகாதார மையத்துக்கு ஒரே ஒரு பல் மருத்துவர்தான். ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தில் அவருக்கு மேல் படி எங்கிருந்து வரும்? காலியிடம் பார்த்துப் பதவி உயர்வு தருவது என்ற முறையிலேயே நின்றால் பெரும்பாலோர் சேர்ந்த பதவியிலேயே தலை நரைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களின் தொகுப்பூதியம். மாவட்ட அறிவிப்புகள் பலவற்றில் பல் மருத்துவருக்கு மாதம் 34,000 ரூபாய் என்று பார்த்திருப்பீர்கள். நிரந்தரப் பணியில் 56,100 ரூபாய் அடிப்படை ஊதியம், அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. அதே நாற்காலி, அதே நோயாளிகள். இந்த இடைவெளி பெரியது. ஆனாலும் அது தனி மனு, தனி வாதம். இரண்டாவது வகையோடு கலக்காதீர்கள்.

படி 2: காகிதங்களைச் சேகரியுங்கள்

கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட சிறு குழு போதும். அதில் ஒருவர் கணக்கில் பொறுமையுள்ளவராக இருக்கட்டும்.

முதலில் அரசாணைகள். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி வந்த நிதித்துறை அரசாணை 234 (1.6.2009), ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி வந்த அரசாணை 303 (11.10.2017) இரண்டையும் முழுதாகப் படியுங்கள். 2017 ஊதியத் திருத்தம் 1.1.2016 முதல் கருத்தியலாகவும் (கணக்கில் மட்டும், கையில் பணமாக இல்லாமல்), பணப்பயன் 1.10.2017 முதலும் வந்தது. பழைய ஊதியத்தை 2.57-ஆல் பெருக்கி நிர்ணயித்தார்கள். எந்த முரண்பாடு எந்த அரசாணையில் பிறந்தது என்று காட்ட முடிந்தால் பாதி வாதம் முடிந்தது. பிறகு, முரண்பாடுகளைக் கேட்க அரசு அமைத்த குழுக்கள். 2010 வாக்கில் ஒரு நபர் குழு, 2012-13 வாக்கில் ஊதியக் குறைதீர்க்கும் பிரிவு, 2018-ல் மறுபடியும் ஒரு நபர் குழு. உங்கள் பதவிக்காக அப்போது யாராவது மனு கொடுத்தார்களா, என்ன பதில் வந்தது என்று தேடுங்கள். ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட கோரிக்கையை, நிராகரித்த காரணத்துக்குப் பதில் சொல்லாமல் அப்படியே திரும்பக் கொடுத்தால், பழைய பதிலையே நகலெடுத்து அனுப்புவார்கள்.

அடுத்து எண்ணிக்கை. பொது சுகாதாரத்துறை, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் துறை, மருத்துவக் கல்வித் துறை என்று பல் மருத்துவர்கள் மூன்று இயக்குநரகங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, எத்தனை பேர் 10, 15, 20 ஆண்டு முடித்திருக்கிறார்கள் என்பது தேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மூன்று இயக்குநரகங்களுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாகவும் எண்ணாக மட்டும் பதில் வரும்படியும் கேளுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் பதில் வராது.

மூன்றாவது, வேலை. நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பற்களைப் பிடுங்கிய எண்ணிக்கையை மட்டும் மாத அறிக்கையில் எழுதிவிட்டு, மற்றதெல்லாம் கணக்கில் இல்லாமல் போகிறது. வாய்ப்புற்றுக்கு முந்தைய வெண்படலம், வாய் திறக்க முடியாத நார்த்திசு நிலை கண்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பியது, கர்ப்பிணிகளுக்குப் பல் பரிசோதனை, பள்ளி முகாம், புகையிலை நிறுத்த ஆலோசனை, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ளோரைடு பாதித்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தது, கொரோனா காலத்தில் மாதிரி எடுத்தது, காய்ச்சல் முகாமில் நின்றது என எல்லாவற்றுக்கும் பதிவேடும் பணி ஆணையும் இருக்கும். ஓராண்டுக்கான இந்த எண்களை ஒரே படிவத்தில், எல்லா மாவட்டத்திலிருந்தும் வாங்குங்கள். பொது சுகாதாரப் பல் மருத்துவர் என்பவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் நிற்பவர் இல்லை என்பதை நிதித்துறைக்குச் சொல்ல வேறு வழி கிடையாது.

படி 3: கணக்குப் போடுங்கள்

ஒப்பிடும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு இணையாகத் தர வேண்டும் என்று எழுதத்தான் முதலில் கை போகும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குஜராத் அரசுக்கும் ஆயுர்வேத மருத்துவர்களுக்கும் இடையிலான வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சையும் பிரேதப் பரிசோதனையும் போன்ற பணிகளை எம்.பி.பி.எஸ். மருத்துவர்களே செய்கிறார்கள், வேலை சமமில்லாதபோது சம ஊதியம் கோர முடியாது என்று சொல்லிவிட்டது. அது பல் மருத்துவர்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை. ஆனாலும் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான்.

பல் மருத்துவரைப் பல் மருத்துவரோடு ஒப்பிடுவதுதான் வலுவான வழி. மத்திய சுகாதார அமைச்சகம் 29.10.2008 அன்று வெளியிட்ட காலமுறை ஊதிய முன்னேற்ற உத்தரவு மருத்துவர்களோடு பல் மருத்துவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. காலியிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் 4, 9, 13, 20 ஆண்டு முடிவில் அடுத்தடுத்த நிலை. இன்றைய மத்திய ஊதிய அட்டவணையில் அந்தப் படிகளின் தொடக்கம் 56,100, 67,700, 78,800, 1,23,100, 1,44,200 ரூபாய். பல் மருத்துவருக்கு இப்படி ஓர் ஏணி கொடுக்க முடியும், கொடுத்து நடத்திக்கொண்டும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

இதை ஒரு ஆளின் வாழ்க்கைக் கணக்காக மாற்றுங்கள். 56,100 ரூபாயில் சேர்ந்து, ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு மட்டும் வாங்கி அதே நிலையில் இருப்பவர், மத்திய அட்டவணைப்படி 20 ஆண்டு முடிவில் 1,01,400 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் இருப்பார். ஏணியில் ஏறியவரின் நிலையோ தொடங்குவதே 1,44,200 ரூபாயில். அடிப்படை ஊதியத்தில் மட்டும் குறைந்தது 42,800 ரூபாய் வித்தியாசம். மாநிலத்தில் தேர்வு நிலை, சிறப்பு நிலையால் கிடைக்கும் தொகையை மறைக்காமல் கழித்துக் காட்டுங்கள். நமக்குப் பாதகமான எண்ணை நாமே சொன்னால் மற்ற எண்களையும் நம்புவார்கள்.

அப்புறம் அரசுக்கு ஆகும் செலவு. இதைப் போடாத மனு சுகாதாரத்துறையைத் தாண்டாது, ஏனென்றால் நிதித்துறை கேட்கும் முதல் கேள்வியே நிதிச்சுமை எவ்வளவு என்பதுதான். ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். பயன்பெறுவோர் 300 பேர், சராசரியாக அடிப்படை ஊதியத்தில் 9,000 ரூபாய் கூடுகிறது, அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதம் 14,220 ரூபாய். 300 பேருக்கு 42.66 லட்சம். ஆண்டுக்குச் சுமார் 5.12 கோடி. தலையும் ஆண்டும் மாறினால் தொகை மாறும். உங்கள் தகவல் உரிமைப் பதில்களில் வந்த எண்களைப் போட்டு, வீட்டு வாடகைப்படி வித்தியாசத்தையும் சேர்த்து, ஒரு பக்கத்தில் அடக்குங்கள். இவ்வளவு பேருக்கு இவ்வளவு பணம் என்று தெளிவாகத் தெரியும்போது அதிகாரிக்கும் பயம் குறைகிறது. பல் மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பது தெருவில் நமக்குப் பலவீனம். நிதித்துறைக் கோப்பில் அதுவே பலம்.

படி 4: கூட்டத்தைக் கூட்டுங்கள்

எந்த அமைப்பின் பெயரில் கூடுகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்திய பல் மருத்துவச் சங்கம் எல்லாப் பல் மருத்துவர்களுக்குமான தொழில் அமைப்பு. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தனியார் மருத்துவர்கள். பொது சுகாதாரப் பல் மருத்துவத்துக்கான இந்தியச் சங்கமும் கல்வி, ஆய்வு சார்ந்தது. அவர்களிடம் ஆதரவுத் தீர்மானம் வாங்கலாம். ஆய்வுத் தாள் வாசிக்கலாம். ஆனால் அரசு ஊழியரின் ஊதியத்தைப் பேச அரசு ஊழியர் சங்கம்தான் வேண்டும். அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவாகி, ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்க வேண்டும். நிர்வாகிகள் மாறி இரண்டு வருடமாகியும் பதிவாளரிடம் பழைய பெயரே இருந்தால், "கையெழுத்துப் போட்டவர் யார்" என்ற கேள்வியிலேயே மனு செத்துவிடும். மத்தியப் பணியில் 1993-ஆம் ஆண்டு அங்கீகார விதிகள் இன்னும் கறார்: அந்தப் பிரிவு ஊழியர்களில் 35 சதவீதம் பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும்.

இடம், நேரம் விஷயத்தில் சில நடைமுறை வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை, திருச்சி. கன்னியாகுமரியிலிருந்து வருபவரும் திருவள்ளூரிலிருந்து வருபவரும் அன்றே திரும்ப முடிகிற ஊர் அதுதான். எப்போதும் சென்னையில் கூட்டினால் சென்னைக்காரர்களின் சங்கமாகிவிடும். பணி நேரத்தில் கூடாதீர்கள். மருத்துவமனை வளாகத்தில் கூடுவதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெண் மருத்துவர்கள் நம்மில் கணிசம். கைக்குழந்தையோடு வருபவருக்கு ஓர் அறை ஏற்பாடு செய்யுங்கள், மாலை நாலு மணிக்குள் முடியுங்கள். "பிறகு சாவகாசமாகப் பேசலாம்" என்று இரவுக்குத் தள்ளப்படும் முடிவுகளில் பெண்கள் பெரும்பாலும் இருப்பதில்லை.

காலையில் கல்வி அமர்வு, மதியம் சங்கக் கூட்டம் என்று வைத்தால் வருகை கூடும். காலை அமர்வுக்கு வெளியிலிருந்து பெரிய பேச்சாளர் தேவையில்லை. படி 2-ல் சேகரித்த வேலைக் கணக்கை மாவட்டவாரியாக உறுப்பினர்களே படித்துக் காட்டட்டும். எந்த வட்டாரத்தில் வாய்ப்புற்று சந்தேக நோயாளிகள் அதிகம், எங்கே பல் நாற்காலி பழுதாகிக் கிடக்கிறது, எங்கே உதவியாளர் இல்லை என்று அந்த ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தங்கள் வேலையின் மொத்த அளவை ஒரே திரையில் பார்க்கும் மருத்துவர்கள் மதியக் கூட்டத்தில் வேறு மாதிரி பேசுகிறார்கள். புலம்பல் குறைகிறது. அந்தக் காலை அமர்வின் தாள்களே பிறகு மனுவின் இணைப்பாகவும், தேசிய மாநாட்டில் வாசிக்கும் கட்டுரையாகவும் ஆகும்.

கூட்ட அறிவிப்பு உங்கள் சங்கத் துணை விதி சொல்லும் நாட்களுக்கு முன்பே போக வேண்டும். அதில் பொருள் நிரலும் வரைவுத் தீர்மானமும் இருக்க வேண்டும். வரைவை அங்கே போய்த்தான் முதன்முதலில் பார்க்கிறார்கள் என்றால் இரண்டு மணி நேரம் வார்த்தைச் சண்டையில் போய்விடும். வருகைப் பதிவேட்டில் பெயர், பணியிடம், இயக்குநரகம், கையெழுத்து. குறைவெண் வரம்பு (கோரம்) நிறைவேறியதா என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துக் குறிப்பில் எழுதுங்கள்.

கூட்டத்தில் கட்டாயம் வரும் சண்டைகள் மூன்று. பி.டி.எஸ். படித்தவருக்கும் எம்.டி.எஸ். படித்தவருக்கும் ஒரே ஏணியா என்பது ஒன்று. மூன்று இயக்குநரகங்களில் யாருடைய பணிமூப்பு முன்னால் என்பது இன்னொன்று. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு இந்தக் கூட்டத்தில் இடம் உண்டா என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் அன்றே தீர்க்க முயல வேண்டாம். துணைக்குழு போட்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுங்கள். பணிமூப்புப் பிரச்சினை மனுவுக்குள் வந்தால் உங்கள் ஆட்களே ஒருவருக்கு எதிராக ஒருவர் நீதிமன்றம் போவார்கள். மூன்றாவதை மட்டும் தள்ளக் கூடாது. ஒப்பந்த மருத்துவர்களை உள்ளே கூப்பிடுங்கள், பேச விடுங்கள். வாக்குரிமை துணை விதியைப் பொறுத்தது. ஆனால் அவர்களைத் தவிர்த்துவிட்டு "பல் மருத்துவர்கள் அனைவரின் சார்பாக" என்று எழுதுவது உண்மையாகாது. குறைந்த சம்பளத்தில் அதே வேலைக்கு ஆள் கிடைக்கும்வரை நிரந்தரப் பணியிடம் உருவாக்க அரசுக்கு அவசரமும் வராது.

தீர்மானம் ஒரே வாக்கியத்தில், ஒரே கோரிக்கையாக இருக்கட்டும். மாதிரி:

"மத்திய அரசின் பல் மருத்துவர்களுக்கு 29.10.2008 உத்தரவின்படி வழங்கப்படுவதுபோல, தமிழ்நாடு அரசுப் பணியில் உள்ள பல் மருத்துவர்களுக்கும் காலிப் பணியிடத்தைச் சாராமல், பணிக்காலத்தின் அடிப்படையில் அடுத்தடுத்த ஊதிய நிலைகளை வழங்குமாறு அரசைக் கேட்டுக்கொள்வது எனத் தீர்மானிக்கப்படுகிறது."

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு, எதிர்ப்பு எண்ணிக்கை எல்லாம் குறிப்பில் ஏற வேண்டும். எதிர்த்தவர் சொன்ன காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் குறிப்பை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பிவிடுங்கள்.

படி 5: மனுவை எழுதுங்கள்

இரண்டு பக்கம். அதற்கு மேல் போனால் இணைப்பு. தமிழிலேயே எழுதுங்கள். தலைமைச் செயலகத்தில் குறிப்பு எழுதும் உதவிப் பிரிவு அலுவலர் உங்கள் வாக்கியத்தை அப்படியே கோப்பில் எடுத்து எழுத முடிகிற மாதிரி இருக்க வேண்டும். அவர்தான் உங்கள் முதல் வாசகர்.

பொருள் வரியில் கோரிக்கையே இருக்கட்டும்: "பல் மருத்துவர்கள், காலமுறை ஊதிய முன்னேற்றம் வழங்கக் கோருதல், தொடர்பாக." பார்வை வரிசையில் தொடர்புள்ள அரசாணைகள், முந்தைய மனுக்களின் தேதி, சங்கத் தீர்மானத்தின் தேதி. முதல் பத்தியில் யார், எத்தனை பேர். இரண்டாவதில் இன்றைய நிலை. மூன்றாவதில் மத்திய ஒப்பீடு. நான்காவதில் 20 ஆண்டுக் கணக்கு. ஐந்தாவதில் வேலை அளவு, மூன்று எண்களுக்கு மேல் வேண்டாம். ஆறாவதில் நிதிச்சுமை. கடைசியில் கோரிக்கை, தீர்மானத்தில் உள்ள அதே சொற்களில்.

நான்காவது பத்தி இப்படி இருக்கலாம்: "56,100 ரூபாயில் பணியேற்கும் பல் மருத்துவர், பதவி உயர்வுப் பணியிடம் இல்லாத காரணத்தால் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஒரே பதவியில் கழிக்கிறார். 20 ஆண்டு முடித்தவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் தற்போது பெறும் ஊதியமும் இணைப்பு 2-ல் தரப்பட்டுள்ளன." பெயர்ச்சொல்லும் எண்ணும் பேசட்டும். "மாற்றாந்தாய் மனப்பான்மை", "கொத்தடிமை" போன்ற சொற்கள் கூட்ட மேடையில் கைதட்டு வாங்கும். கோப்பில் அவை படிப்பவரை எதிர்ப்பக்கம் தள்ளும்.

ஒப்பந்த மருத்துவர்களுக்கான தனி மனுவில் வாதம் வேறு. சம வேலைக்குச் சம ஊதியம் பற்றிய அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவு, 1982-ஆம் ஆண்டு ரந்தீர் சிங் வழக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக 26.10.2016 அன்று வந்த பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் தீர்ப்பு. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையாவது உண்டு என்றது உச்ச நீதிமன்றம். இவை திட்டப் பணியிடங்கள், அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் இல்லை என்பது அரசுத் தரப்பின் முதல் பதிலாக இருக்கும். அதனால் பணி ஒன்றுதான் என்பதற்கான சான்று முக்கியம்: ஒரே பணிப்பட்டியலில் இருவர் பெயரும் மாறி மாறி வருவது, ஒரே பதிவேட்டில் இருவர் கையெழுத்து, நிரந்தர மருத்துவர் விடுப்பில் போனபோது பொறுப்பு ஒப்படைத்த ஆணை. இந்த நகல்களை இன்றே எடுத்து வையுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

படி 6: கொடுங்கள், கொடுத்ததை நிரூபியுங்கள்

தனி நபர் மனு உரிய வழியாகத்தான் போக வேண்டும்: மருத்துவ அலுவலர், மாவட்ட சுகாதார அலுவலர் அல்லது இணை இயக்குநர், இயக்குநர், பிறகு அரசு. சங்க மனுவைத் தலைவரும் செயலாளரும் இயக்குநர், சுகாதாரத்துறைச் செயலாளர், நிதித்துறைச் செயலாளர் ஆகியோருக்கு நேரடியாகக் கொடுக்கலாம். மூன்று இயக்குநர்களுக்கும் ஒரே நாளில் போகட்டும். அவர்கள் அனுப்பும் கருத்துரு இல்லாமல் அரசு முடிவெடுக்காது.

தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அஞ்சலில் அனுப்பினால் விரைவு அஞ்சல். 2025 செப்டம்பர் முதல் பதிவு அஞ்சல் அதோடு இணைந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து, மனு அலுவலகத்தில் பதிவான ந.க. எண்ணையும் கோப்பு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்த எண்ணோடு மட்டுமே பேசுங்கள்.

அமைச்சரின் உறவினர், கட்சிப் பிரமுகர் மூலம் அழுத்தம் கொடுக்கும் எண்ணம் யாருக்காவது வரும். வெளியார் செல்வாக்கைப் பயன்படுத்துவது மாநிலத்தின் 1973 நடத்தை விதிகளுக்கும் மத்திய அரசின் 1964 விதிகளுக்கும் எதிரானது. சட்டமன்ற உறுப்பினரிடம் கோரிக்கையை விளக்குவதானாலும் அதைச் சங்கம் வெளிப்படையாகச் செய்யட்டும்.

படி 7: அதிகாரியைச் சந்திக்கும் பத்து நிமிடம்

நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். மூன்று இயக்குநரகத்திலிருந்தும் தலா ஒருவர், ஒப்பந்த மருத்துவர் ஒருவர். பேசுபவர் ஒருவர், கணக்கைக் காட்டுபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். ஒரு பக்கச் சுருக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். பொன்னாடையில் இரண்டு நிமிடம் போகும், அதைத் தவிர்க்கலாம்.

"இதை உங்களுக்குக் கொடுத்தால் மற்றப் பிரிவினரும் கேட்பார்களே?" என்று நிச்சயம் கேட்பார்கள். பதில் தயாராக இருக்க வேண்டும்: மத்திய அரசில் இந்த முறை மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் என்றே வரையறுத்துத் தரப்பட்டது, நாங்கள் கேட்பது அந்த வரையறைக்குள்தான். "படிப்படியாகத் தரலாமா?" என்று கேட்டால் எதுவரை ஒத்துக்கொள்ளலாம் என்பதைப் பொதுக்குழுவிடம் முன்பே கேட்டுவையுங்கள். அறைக்குள் நாலு பேர் எடுத்த முடிவை வெளியே நானூறு பேர் ஏற்காமல் போனால் சங்கம் உடையும். சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதைக் குறிப்பிட்டு நன்றிக் கடிதம் ஒன்று அனுப்பிவிடுங்கள். அதுவும் கோப்பில் ஏறும்.

படி 8: காலத்தைக் கவனியுங்கள்

மாநில வரவு செலவுத் திட்டம் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. துறைகள் மதிப்பீடு தயாரிப்பது அதற்குப் பல மாதம் முன்பே. அக்டோபருக்குள் கோப்பு நிதித்துறைக்குப் போகும்படி திட்டமிடுங்கள். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முந்தைய வாரம் மனு கொடுப்பது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

இன்னொரு பெரிய வாய்ப்பும் இப்போது திறந்திருக்கிறது. எட்டாவது மத்திய ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு 28.10.2025 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமை, அறிக்கைக்கு 18 மாதம் அவகாசம். மத்திய ஊதியக் குழுவுக்குப் பின் மாநில அரசு அலுவலர் குழு அமைத்து ஊதியத்தைத் திருத்துவதுதான் தமிழ்நாட்டில் 2009-லும் 2017-லும் நடந்தது. மாநிலக் குழு அமைந்தபிறகு ஓடி ஓடித் தரவு சேர்க்காமல், இப்போதே இணைப்புகளைத் தயாராக வையுங்கள்.

படி 9: பதில் வரவில்லை என்றால்

ஒரு நினைவூட்டல் போதும். அதன் பிறகும் அசையாவிட்டால் கோப்பின் நிலையைத் தகவல் உரிமையில் கேளுங்கள். வருடக்கணக்கில் மனுமேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் உரிமை உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. தமிழ்நாட்டுச் சுரங்கத் துறை ஊழியர் ஒருவர் தொடர்ந்த சி. ஜேக்கப் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, காலாவதியான கோரிக்கையின் மீது புதிய மனு கொடுத்து, அதற்கு வந்த பதிலை வைத்து வழக்கைப் புதுப்பிக்க முடியாது என்பதுதான். அதே ஆண்டு தர்சேம் சிங் வழக்கில், ஊதியக் குறைவு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் வழக்கு போடலாம், ஆனால் நிலுவைத்தொகை வழக்கமாக வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கே என்றது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பணம் கரைகிறது. மாநில ஊழியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டும். மத்திய ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அங்கே மனு கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லையென்றால், அதற்கடுத்த ஓராண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றி இளையவர்கள் கேட்பார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களைத் தமிழ்நாடு அரசு பணிநீக்கம் செய்தது. அந்த வழக்கில்தான் டி.கே. ரங்கராஜன் தீர்ப்பு வந்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை அரசு மருத்துவர்கள் காலமுறை ஊதியம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னின்றவர்கள் இடமாற்றத்தைச் சந்தித்தார்கள். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பு தந்தது, அதை யாரும் பறிக்க முடியாது. அமைதியான ஆர்ப்பாட்டத்துக்கும் 1962-ஆம் ஆண்டு காமேஷ்வர் பிரசாத் தீர்ப்பில் பாதுகாப்பு இருக்கிறது. பணி நேரத்துக்கு வெளியே, அனுமதி பெற்ற இடத்தில் கூடுங்கள். ஒரே ஒரு பல் மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் அவர் வராவிட்டால் வீங்கிய கன்னத்தோடு வந்த கூலித் தொழிலாளிக்கு அன்று வேறு ஆள் இல்லை. நம் கோரிக்கைக்கு அவருடைய ஆதரவும் வேண்டும்.

படி 10: அரசாணை வந்த பிறகு

அரசாணை கையில் கிடைத்த வாரமே இன்னொரு கூட்டம் போடுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. அமலுக்கு வரும் தேதி எது, கருத்தியல் பயனா பணப்பயனா, புதிய ஊதியத்துக்கு எந்தத் தேதியில் மாறுகிறோம் என்று விருப்பம் தெரிவிக்கக் கடைசி நாள் எது, எந்த இயக்குநரகத்தினர் விடுபட்டிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். அடுத்த ஊதிய உயர்வுத் தேதியைப் பொறுத்து விருப்பத் தேதி மாறினால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் வித்தியாசம் வரும். ஆகவே இரண்டு தேதிக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அரசின் சம்பள மென்பொருளான களஞ்சியத்தில் ஏறிய புதிய அடிப்படை ஊதியம், பணிப்பதிவேட்டில் எழுதப்பட்டது, ஊதியச் சீட்டில் வருவது மூன்றும் ஒன்றா என்று ஒவ்வொரு மாவட்டப் பிரதிநிதியும் சரிபார்க்கட்டும்.

விருப்பப் படிவத்தோடு, கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழியும் வாங்குவார்கள். 2014 டிசம்பரில் ரஃபீக் மஸீஹ் வழக்கில், தவறாகக் கொடுத்த ஊதியத்தை எந்தெந்தச் சூழ்நிலையில் பிடித்தம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பட்டியலிட்டது. அதில் சி, டி பிரிவு ஊழியர்களுக்கு உள்ள பாதுகாப்பு மருத்துவர்களுக்குப் பொருந்தாது. ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்துவந்த தொகை, ஓய்வுபெற்றவர், ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர் போன்ற விலக்குகளே நமக்குப் பெரும்பாலும் உதவக்கூடும். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், உறுதிமொழி எழுதிக்கொடுத்தவரிடம் பிடித்தம் செய்யலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். எனவே தணிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நிர்ணயம் கூடுதலாக இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உறுப்பினரே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. ஓய்வுக்கு மூன்று வருடம் இருப்பவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, அவர்கள் கணக்கை முதலில் பாருங்கள்.